வசனத்துக்கு முன்னாடி பந்தி

கொடைக்கானல்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, ஹோம்மேட் சாக்லேட். காலேஜ் டூர், கம்பெனி டூர்னு நம்மள்ல பாதிப் பேர் ஒரு தடவையாவது போய் நடுங்கிட்டு வந்திருப்போம் :) ஊட்டி, சிம்லா மாதிரி மலை ஊர்களையெல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகளும் பட்டாளமும் உண்டாக்கினாங்க. கொடைக்கானலை உண்டாக்கினது அமெரிக்கப் பாதிரிமார். பைபிளும் கையுமா மதுரைக்கு வந்தவங்க, உயிர் பிழைக்க மலை ஏறின கதை அது.

எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி குடைஞ்சிட்டே இருந்தது. ஊர்ல பத்துப் பேர் ஒரு வீட்டு முற்றத்துல உட்கார்ந்து, பைபிள்ல ஒரு பகுதியைப் படிச்சுட்டு, "சரி, இது நம்ம தெருவுக்கு என்ன சொல்லுது? கூலிக்கு, ரேஷன் கடைக்கு, குடிதண்ணிக் குழாய்க்கு என்ன சொல்லுது?"ன்னு பேசற முறை ஒண்ணு இருக்கு. இது எங்க ஆரம்பிச்சது? புத்தகங்கள்ல தேடினா லத்தீன் அமெரிக்காவைக் கை காட்டுவாங்க. 1960கள், பிரேசில், நிகராகுவா, விடுதலை இறையியல். அது சரிதான். ஆனா அந்த முறைக்கு அடியில இருக்கற கேள்வி 'இந்த வசனத்துக்கு என்ன அர்த்தம்' இல்லை. 'யாரோட யார் உட்கார்ந்து படிக்கிறது, கேள்வியை யார் கேட்கறது' அப்படிங்கறதுதான். இந்தக் கேள்வி பழனி மலைக்குக் கீழ, மதுரைச் சீமையில, அதுக்கு ஒரு 120 வருஷம் முன்னாடியே வந்து பெரிய ரகளை ஆகியிருக்கு.

மலை மேல பங்களா

1834-ல யாழ்ப்பாணத்துல இருந்து அமெரிக்க மிஷன்காரங்க சிலர் மதுரைக்கு வந்தாங்க. யாழ்ப்பாணத்துல 1816-லயே இவங்க வேலையை ஆரம்பிச்சாச்சு. அதனால தமிழ் இவங்களுக்குப் புதுசு இல்லை. மதுரை வெயிலும் காலராவும் காய்ச்சலும்தான் புதுசு. அடுத்தடுத்து சாவு. பெரியவங்க, குழந்தைங்கன்னு பார்க்கலை. முதல்ல சிறுமலையைப் பார்த்தாங்க, அங்கயும் காய்ச்சல். கடைசியில 1845-ல பழனி மலை மேல, சுமார் 7,000 அடி உயரத்துல, ரெண்டு பங்களா கட்டினாங்க. சன்னிசைட், ஷெல்டன்னு பேர். கொடைக்கானல் ஊர் அங்கதான் தொடங்குது.

அப்ப ரோடு கிடையாது. அடிவாரத்துல இருந்து மலைப்பாதை. துரைமாரும் அம்மாமாரும் குதிரையில வருவாங்க, இல்லைன்னா நாற்காலியில வச்சு ஆளுங்க தூக்கிட்டுப் போவாங்க. இந்த நாற்காலியைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

போகப் போக எல்லா மிஷன்காரங்களும் கோடைக்கு அங்க கூட ஆரம்பிச்சாங்க. கத்தோலிக்கர்கள் 1866-ல சலேத் மாதா கோயில் கட்டினாங்க. சேசு சபையினர் 1895-ல செண்பகனூர்ல கல்லூரி தொடங்கினாங்க. 1890-ல கொடைக்கானல் மிஷனரி யூனியன் வந்தது. 1901-ல மிஷன் பிள்ளைங்களுக்காக மார்கரெட் எடிங்கற அமெரிக்க அம்மா, ஹைகிளேர்க்னு இருந்த பழைய ஓட்டல் கட்டடத்துல 13 பிள்ளைங்களோட ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்குக் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்னு தெரியுமே, அதுதான்.

கீழ பந்தி

மலைக்குக் கீழ என்ன நடந்துட்டிருந்தது? அதுக்குக் கொஞ்சம் தஞ்சாவூர்ப் பக்கம் போய்ட்டு வரணும். ஏன்னா சண்டை முதல்ல பத்திக்கிட்டது அங்க.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளோட பெரிய ஆசான், அரசவையிலயும் மதிப்பா இருந்த கவிராயர். 1820கள்ல வந்த இளம் மிஷனரிகள் மேல அவருக்குக் கடுங்கோபம். குற்றச்சாட்டு நாலு. பழகின தமிழ் பைபிளை மாத்தறாங்க, கோயில்ல சாதி பார்க்காம எல்லாரையும் கலந்து உட்கார வைக்கிறாங்க, கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூ கூடாதுங்கறாங்க, தமிழ்ப் பாட்டை நிறுத்தறாங்க. இந்த நாலையும் மறுபடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க. பூவும் பாட்டும் மொழியும்னு வரும்போது நாம அவர் பக்கம் போய் நின்னுடுவோம். நடுவுல சாதின்னு வந்ததும் கால் பின்வாங்குது. அவருக்கு நாலும் ஒண்ணுதான். வரலாறு இப்படித்தான், கறுப்பு வெள்ளையா பிரிச்சுக் குடுக்காது.

1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி கூடவே கூடாதுன்னு சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ல நிறைய பேர் எதிர்த்துக் கிளம்பினாங்க. ஆனா இதை உண்மையான பரீட்சையாவே வச்சவங்க மதுரை அமெரிக்க மிஷன்தான். கொடைக்கானல்ல பங்களா கட்டின அதே மிஷன், கட்டி ரெண்டே வருஷத்துல, 1847-ல ஒரு விதி போட்டது. மிஷன்ல வேலை பார்க்கிற உபதேசியார், வாத்தியார், சபையார் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும். 'அன்பின் விருந்து'ன்னு பேர். உட்கார்ந்தா சாதியை விட்டதா அர்த்தம். உட்காரலைன்னா வேலை போச்சு.

நிறைய பேர் உட்காரலை. வருஷக்கணக்கா ஊர் ஊராப் போய் வசனம் சொன்ன உபதேசியார்கள் பலரும் அதுல உண்டு. பைபிளை வரிக்கு வரி ஒப்பிக்கத் தெரிஞ்சவங்க. அதே புத்தகத்துல இயேசு யார் யார் வீட்டுல சாப்பிட்டார்னு நூறு தடவை பிரசங்கம் பண்ணியிருப்பாங்க. இலை போட்டதும் எழுந்து போய்ட்டாங்க. மிஷனும் அவங்களை வெளிய அனுப்பிடுச்சு. 1850-ல மதராஸ் மிஷனரி மாநாடும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு தீர்மானம் போட்டது. லைப்சிக் லூத்தரன் மிஷன் மட்டும், இப்படிக் கட்டாயப்படுத்தறது சரியில்லைன்னு விலகி நின்னது.

(ஒரு கொசுறு: அதே 1847 டிசம்பர் 31-ல, யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயில்ல ஆறுமுக நாவலர் தன்னோட முதல் சைவப் பிரசங்கத்தைச் செஞ்சார். பெர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புல உதவினவர் அவர். பாதிரிமாரோட பிரசங்க முறையை எடுத்து அவங்களுக்கே திருப்பிக் குடுத்தார்.)

1847 விருந்தை எப்படிப் பார்க்கறது? நோக்கம் நல்லது, அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. சாதிக்கு எதிரா இவ்வளவு வெளிப்படையா ஒரு நிறுவனம் நின்னது அந்தக் காலத்துல சின்ன விஷயம் இல்லை. ஆனா பரீட்சை வச்சவங்க யார்? சம்பளம் குடுக்கறவங்க. மலை மேல பங்களா வச்சிருக்கறவங்க. நாற்காலியில உட்கார்ந்து ஆள் தூக்க மலை ஏறினவங்க. கேள்வி யார்கிட்ட போச்சு? மேல்சாதி உபதேசியார்கிட்ட: "நீ இவனோட சாப்பிடுவியா?" அந்த 'இவன்' யாரோ, அவர்கிட்ட ஒரு கேள்வியும் இல்லை. இந்தப் புத்தகம் உனக்கு என்ன சொல்லுது, உன் பாட்டுக்கு என்ன வேணும்னு கேட்கறது அந்தப் பரீட்சையோட பாடத்திட்டத்துலயே இல்லை. நம்ம பாஷையில சொன்னா, யூஸரை ரூமுக்குள்ள விடாமலே ரிக்வயர்மென்ட் எழுதி, டெஸ்டிங்கும் முடிச்சுட்டாங்க.

கேள்வி திரும்பி வந்தது

இந்தக் கேள்வியே பின்னாடி மிஷனரிகளைப் பார்த்துத் திரும்பினது. கொடைக்கானல் பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச மார்கரெட் எடியோட மகன் ஷெர்வுட் எடி. ஒய்.எம்.சி.ஏ. வேலையில அவருக்கு நெருங்கிய கூட்டாளி திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910-ல எடின்பரோவுல நடந்த உலக மிஷனரி மாநாட்டுல அசரியா பேசினார். பேச்சோட சாரம் இதுதான்: நீங்க எங்களுக்காகச் செஞ்ச தியாகம் எல்லாம் பெரிசு, ஆனா எங்களுக்கு வேணும்கறது சரிசமமாப் பழகற நண்பர்கள். அரங்கத்துல நிறைய பேருக்கு அது பிடிக்கலை. ரெண்டு வருஷத்துல, 1912-ல, அவர் இந்தியாவோட முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். தமிழனுக்குப் பந்திப் பரீட்சை வச்சவங்களுக்கு ஒரு தமிழர் வச்ச பந்திப் பரீட்சைன்னு இதை நான் படிக்கிறேன்.

இன்னொரு பக்கம், சத்தமே இல்லாம வேற ஒண்ணு நடந்துட்டிருந்தது. 1892-ல ஈவா ஸ்விஃப்ட்ங்கற அம்மா, பைபிள் உமன்களுக்குப் பயிற்சி குடுக்க மதுரையில லூசி பெரி நோபிள் பள்ளியைத் தொடங்கினாங்க. பைபிள் உமன்னா வீடு வீடாப் போய், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வாசிச்சுக் காட்டற தமிழ்ப் பெண்கள். ஒருத்தர் வாசிக்க ஊரே கேட்கறது நமக்குப் புதுசு இல்லை. திண்ணையில பாரதம் படிச்ச ஊர்தானே இது. ஆனா திண்ணையில ஆம்பளைங்க படிச்சாங்க. இது அடுப்படியில, உரல் பக்கத்துல நடந்தது. அங்க கேட்கறவங்க சும்மா கேட்டுட்டு இருக்க மாட்டாங்க, நடுவுல நடுவுல தன் கதையையும் சொல்லுவாங்க. பதிவேட்டுல ஏறாத பைபிள் ஸ்டடி அதுவாத்தான் இருக்கணும்னு என் அனுமானம்.

தரையில உட்கார்ந்த பிஷப்

1936-ல இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனரி லெஸ்லி நியூபிகின் (1909-1998) இந்தக் கதையில முக்கியமான ஆள். காஞ்சிபுரத்துல இருந்தப்ப ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோட வாராவாரம் உட்கார்ந்து படிச்சிருக்கார். ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிஷத்து, மறுவாரம் யோவான் சுவிசேஷம். எல்லாரும் தரையில சம்மணம் போட்டு. 1847-ல கண்காணிப்பாளரா நின்ன துரைக்கும், தரையில உட்கார்ந்து கேள்வி வாங்கிக்கிட்ட துரைக்கும் நடுவுல கிட்டத்தட்ட நூறு வருஷம்.

1947 செப்டம்பர்ல தென்னிந்தியத் திருச்சபை (நம்ம சி.எஸ்.ஐ.) உருவானப்ப அவர் மதுரை-ராமநாதபுரம் பேராயர் ஆனார். கொடைக்கானலும் அந்தப் பேராயத்துக்குள்ளதான். 1959 வரைக்கும் அந்தப் பொறுப்பு. வேலையில பெரும் பகுதி கிராமச் சபைகளைச் சுத்தறது. பெரும்பாலும் நிலம் இல்லாத கூலிக்காரங்க, நிறைய பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரொம்ப வருஷம் கழிச்சு, 1989-ல வந்த ஒரு புத்தகத்துல அவர் ஒரு கருத்தை வச்சார்: சுவிசேஷத்துக்கு நிஜமான விளக்கவுரை, அதை நம்பி வாழற ஒரு சபைதான். அதாவது எப்படி உட்கார்றாங்க, எப்படிச் சாப்பிடறாங்கங்கறதுதான் உரை. இன்னைக்கு உலகம் முழுக்க இறையியல் படிக்கிறவங்க மேற்கோள் காட்டற கருத்து இது. அதுல மதுரை, ராமநாதபுரம் கிராமங்களோட புழுதி ஒட்டியிருக்குன்னு நான் நினைக்கிறேன்.

அரசரடியில ஒரு உலை

மதுரை அரசரடியில 1969-ல தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவாச்சு. சி.எஸ்.ஐ.யும் லூத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்தற கல்லூரி. 1970கள்ல முதல்வரா இருந்த சாமுவேல் அமிர்தம் காலத்துல, எதிர்காலப் பாதிரியார்கள் எல்லாத்தையும் வகுப்பறையிலயே கத்துக்க முடியாதுங்கற எண்ணம் வலுவாச்சு. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளிய போய், குடிசைப் பகுதியிலயும் கிராமத்துலயும் தங்கிப் படிக்கணும்னு பாடத்திட்டம் மாறினது. தண்ணிக்கு வரிசையில நின்னு குடத்தைத் தூக்கிட்டு வந்தவன், கிணத்தடியில சமாரியப் பெண் நிற்கிற பகுதியைப் படிக்கிறதே வேற மாதிரி இருக்கும் இல்லையா?

அமிர்தம் அப்புறம் ஜெனீவாவுல உலகத் திருச்சபைகள் மன்றத்தோட இறையியல் கல்விப் பிரிவுக்குப் போனார். 1986-ல கானா நாட்டு ஜான் போபியோட சேர்ந்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். மக்களே செய்யற இறையியல்ங்கற பொருள்ல அதோட தலைப்பு. லத்தீன் அமெரிக்காவுல இருந்து மட்டும்தான் சரக்கு வந்ததுன்னு நினைக்கிறவங்களுக்குச் சொல்றேன், மதுரையில இருந்தும் ஏற்றுமதி நடந்திருக்கு.

இந்தக் கல்லூரியில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் தியாபிலஸ் அப்பாவு (1940-2005). 'பரட்டை'ங்கறது அவரே வச்சுக்கிட்ட பேர். பாதிரியார், வாத்தியார், பாட்டுக்காரர். தேவாலயத்துல கர்நாடக ராகக் கீர்த்தனையும் இங்கிலீஷ் மெட்டும்தான் புனிதம்னு இருந்த இடத்துல, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கொண்டு வந்து ஒரு முழு வழிபாட்டையே கிராமிய இசையில அமைச்சார். சேரியில எந்தத் தமிழ் பேசறாங்களோ அதுதான் வழிபாட்டுத் தமிழ். சாஸ்திரியார் தமிழ்ப் பாட்டுக்காகச் சண்டை போட்டப்ப அந்தத் தமிழுக்குள்ள பறை இல்லை. அந்த விட்டுப்போன பாதியை 150 வருஷம் கழிச்சு பரட்டை அண்ணன் எழுதினார்.

அவரோட மையக் கருத்து 'ஒரு உலை'. நம்ம ஊர்ல அண்ணன் தம்பி பிரிஞ்சா என்ன சொல்லுவோம்? "தனி உலை வச்சுட்டாங்க". அதைத் திருப்பிப் போட்டார். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டு வந்து ஒரே உலையில போட்டுச் சாப்பிடறதுதான் திருவிருந்து, அதுதான் சாதிக்கும் வறுமைக்கும் பதில்னார். 1847-க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அங்க மேல இருக்கறவன் சாப்பாடு போட்டு, சாப்பிடறியா இல்லையான்னு பார்த்தான். இங்க கீழ இருக்கறவன் தன் அரிசியோட வந்து, நீயும் கொண்டு வான்னு கூப்பிடறான். அதே பந்தி, ஆனா கூப்பிடற ஆள் மாறிட்டான்.

உலகத்துல மத்த இடத்துல

கிட்டத்தட்ட இதே காலத்துல நிகராகுவா ஏரித் தீவு சோலென்டினாமேயில கவிஞரும் பாதிரியாருமான எர்னெஸ்டோ கார்டினல், பிரசங்கத்துக்குப் பதிலா மீனவர்களையும் விவசாயிகளையும் பேச விட்டார். அவங்க பேசினதைப் பதிவு பண்ணிப் புத்தகமாவும் போட்டார். 1977-ல சர்வாதிகாரி சோமோசாவோட படை அந்தக் குடியிருப்பை அழிச்சிடுச்சு. பைபிள் ஸ்டடிக்கு ராணுவம் வருதுன்னா, படிச்சது சரியாத்தான் படிச்சிருக்காங்க! பிரேசில்ல கார்லோஸ் மெஸ்டர்ஸ், தென்னாப்பிரிக்காவுல ஜெரால்ட் வெஸ்ட்னு இந்தப் பட்டியல் நீளும்.

கத்தோலிக்கப் பக்கம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) அப்புறம்தான் சாதாரண மக்கள் கையில பைபிள் பரவலா வந்தது. தமிழ்நாட்டுல அது 'அன்பியம்' ஆச்சு. தெருவுக்கு ஒரு சின்னக் குழு, ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு வீட்டுல. அங்க பயன்படுத்தற 'ஏழு படிகள்' முறை தென்னாப்பிரிக்காவோட லும்கோ நிறுவனத்துல உருவானது. ஆறாவது படிதான் விஷயமே: படிச்சாச்சு, இப்ப நாம என்ன செய்யப் போறோம்? நிறைய இடத்துல அஞ்சாவது படியோட டீ, பிஸ்கட் வந்துடும்னு நண்பர்கள் கிண்டல் பண்ணுவாங்க :) 1995-ல சி.எஸ்.ஐ., லூத்தரன், கத்தோலிக்கர் எல்லாருக்கும் பொதுவா ஒரு தமிழ் மொழிபெயர்ப்பும் (திருவிவிலியம்) வந்தது. புத்தகத்துல பந்தி ஒண்ணாயிடுச்சு.

தெருவுல?

2008 மார்ச்ல விழுப்புரம் பக்கம் எறையூர்ல, ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குப் போற வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல். சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாப் போறது, எங்களுக்குத் தனிப் பங்கு வேணும், இதுதான் பிரச்சினை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 2 பேர் இறந்தாங்க. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல செத்தவங்களைப் பிரிக்கிற சுவர் 2010-லயும் செய்தியில வந்தது. 'எல்லாரும் சேர்ந்து பைபிள் படிக்கிறோம்'னு சொல்றது சுலபம். எல்லாரும்னா யார், யார் வீட்டு முற்றத்துல கூடறோம், அந்த வீட்டுத் தண்ணியைக் குடிக்கிறோமா? 1847-ல தப்பா வைக்கப்பட்ட பரீட்சைன்னு நான் சொன்னாலும், கேள்வித்தாள் இன்னும் செல்லும்.

இது கிறிஸ்தவங்க சமாச்சாரம்னு தள்ளிடாதீங்க. குறள் வகுப்போ, திருவாசக முற்றோதலோ, மார்க்ஸிய வாசிப்பு வட்டமோ, எந்தப் புத்தகத்தைச் சுத்திக் கூடினாலும் இதே கணக்குதான். யார் வாசிக்கிறாங்கன்னு பார்க்கறதை விட, முதல் கேள்வியை யார் கேட்கறாங்கன்னு பாருங்க.

அடுத்து கொடைக்கானல் போறவங்க, சாக்லேட் வாங்கினது போக நேரம் இருந்தா சலேத் மாதா கோயிலையும், செண்பகனூர் அருங்காட்சியகத்தையும் எட்டிப் பாருங்க. உங்க ஊர்ல அன்பியமோ, ஜெபக்கூட்டமோ, பஜனை மடமோ, பந்தியில யாரை எங்க உட்கார வச்சாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட, முக்கியமா பாட்டிங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கேட்டதைப் பின்னூட்டத்துலயோ தனிப் பதிவாவோ எழுதுங்க. பரட்டை அண்ணனை நேர்ல பார்த்தவங்க, அவர் வழிபாட்டுல பாடினவங்க யாராவது இருந்தா அவசியம் எழுதணும். காத்திருக்கேன்.